செல்லத்தாய் பார்த்த கடல்

“புதுசா ஏறுறவங்களுக்கு எந்தப் படகுண்ணே தோது?” என்று சுருளி கேட்டான்.

இரண்டு படகுகளுக்கும் உரிமையாளரான ஜலால் அவனையும், சற்றுத் தள்ளி முகம் திருப்பி நின்ற அவன் மனைவி செல்லத்தாயையும் மாறி மாறி நோக்கினார்.

“அகலமா, அடி தட்டையா இருக்கே, அதுதான் மாப்ள. எப்படி உக்காந்தாலும் சாயாது. ஒடுக்கமா, நீளமா இருக்கிறது பழகுனவங்களுக்கு. ரெண்டு பேரும் ஒட்டி, ஒரு மனசா உக்காரணும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா கவுத்திரும்.”

மேலூரில் பிறந்த செல்லத்தாய் கடலைக் கண்டதில்லை. திருமணத்தன்று காட்டுவதாக வாக்களித்த சுருளி, ஆலையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஓராண்டாகத் தட்டிக் கழித்து வந்தான். இன்று பொழுது சாய்வதற்குள் கடலைக் காட்டாவிட்டால் தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுவதாகக் காலையில் அவள் கூறியிருந்தாள். துணிமணிப் பை அவள் கையிலேயே இருந்தது.

இப்போது அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் மெல்லக் கரைந்து வானமாகும் இடத்தில், சூரியன் மறைய மனமின்றித் தயங்கி நின்றது. எழுந்த அலைகள் விழ மறந்திருந்தன. வெண்பறவை ஒன்று விரித்த சிறகை மடக்காமல் மிதந்தது. காற்று அவள் முந்தானையை அலைத்தது.

இருவரும் அகலப் படகில் ஏறினர். ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள், இடையே பை. படகு அசையவே இல்லை.

திடீரென அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேலூருக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று எண்ணி அவனும் எழுந்தான். அவளோ பையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, ஒடுக்கப் படகில் கால் வைத்தாள். அது ஆடியது.

“ஏய், அது பழகுனவங்களுக்காம்” என்றான் சுருளி.

“ஒரு வருசமா ஒங்களோட குப்பை கொட்டுறேன். இன்னும் எம்புட்டுப் பழகணும்? வந்து உக்காருங்க.”

அவன் ஏறித் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்தான். படகு நிலைகொண்டது.

“மேலூர் பஸ்ஸு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அது இந்நேரம் போயிருக்கும்” என்றாள், கடலைவிட்டுக் கண்ணெடுத்து அவனைப் பார்த்து.

“அப்படியே இருங்க, அசையாதீங்க” என்ற ஜலால், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். ஒளியொன்று வெட்டி மறைந்தது.

பின்னர் அவர் மின்விசிறியை நிறுத்தி, கடலைச் சுருட்டி மேலே கட்டினார். வாசலில் காத்திருந்த அடுத்த ஜோடி காஷ்மீர்த் தோட்டம் கேட்டிருந்தது.