வெட்டிய இடம்

கொட்டகை முன்னால் எர்னஸ்ட் சாரின் கார் வந்து நின்றது. முதலில் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

பாடாங் மேஹா தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் மட்டையிலிருந்து ஈர்க்குச் சீவி, துடைப்பம் கட்டத் தமிழ்நாட்டுக்கு அனுப்புகிறேன். ஈர்க்கை இங்கே லிடி என்பார்கள். சரக்கு இந்த மண்ணில் விளைந்ததுதான் என்று வாணிப அமைச்சு சான்றிதழ் கொடுத்தால் அங்கே வரி குறையும். அதைச் சரிபார்க்க வருஷம் ஒரு முறை வருகிறவர் எர்னஸ்ட் சார்.

உண்மையில் அவர் வர வேண்டியதே இல்லை. விண்ணப்பம் சரியாக இருந்தால் கணினியிலேயே காரியம் முடிந்துவிடும். நான்தான் 'வெட்டிய இடம்' என்ற கட்டத்தை வருஷா வருஷம் வேண்டுமென்றே காலியாக விடுவேன். காலியாக இருந்தால் அதிகாரி நேரில் வந்தாக வேண்டும்.

வெட்கங்கெட்ட வேலைதான். கணவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஜொகூரில். என்னைக் கேள்வி கேட்க இந்த உலகத்தில் எர்னஸ்ட் சார் ஒருவர்தான் இருந்தார்.

அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். சட்டையில் இஸ்திரி இல்லை. இன்று கழுத்தில் அலுவலக அட்டையும் இல்லை. கோப்புக்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்தார்.

"மட்டை எங்க வெட்டுனதும்மா?"

தோட்டத்தின் இருபத்து மூன்றாம் பிளாக் என்றேன். எத்தனை நாள் காய்ந்தது, யார் சீவியது, மழையில் நனைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பதில் தீர்ந்தால் எழுந்துவிடுவாரே என்று பயந்து, போன மாதம் பெய்த மழையைப் பற்றியெல்லாம் சொன்னேன். அவரும் அவசரப்படவில்லை. தேநீர் ஆறிப்போய் இரண்டாவது முறை போட்டேன்.

காரில் ஏறும்போது வழக்கம்போல் கடிந்துகொண்டார்.

"அடுத்த வருஷமாச்சும் அந்தக் கட்டத்த நிரப்பி அனுப்புங்க, பிரேமலாம்மா."

"மறந்து போயிருதுலா சார்."

கார் செம்மண் பாதையில் மறையும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து அலமாரியைத் திறந்தேன்.

இந்த வருஷத்துச் சான்றிதழ் உள்ளே இருந்தது; போன வாரமே வந்துவிட்டது. எர்னஸ்ட் சார் ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார், இனி வேறொருவர்தான் வருவார் என்று விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் முறையாக அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்பியிருந்தேன்.