ஒன்னாம் நம்பர் லயம்

"ஒன்னாம் நம்பர் எங்க மேட்டு லயத்துக்குத்தான். இல்லேன்னா இந்தப் பொட்டி வட்டகொடை ஸ்டேசனைத் தாண்டாது!"

மேட்டு லயத்து வரிசை வீடுங்களுக்குத் தலைவரு மூக்கன் மேசையில அடிச்ச அடியில, கூட்டம் நடந்த பிள்ளைக் காம்பராவுல தூங்கின குழந்தைங்க எல்லாம் ஒண்ணா வீரிட்டுச்சு. மேசை மேல இருந்த லேப்டாப்பை கஜதீபன் சேர் நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

அவரு யாழ்ப்பாணத்து இன்ஜினியர். தண்ணியப் பங்கு பிரிக்கிறதுக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்காம், அதைக் கத்துக்கிட்டு வந்திருந்தாரு. ஊத்துல எவ்வளவு வருது, யாருக்கு எவ்வளவு வேணும், யாருக்கு என்ன நம்பருன்னு அந்தப் பாஷையில எழுதிட்டா, பங்கை மெஷினே சொல்லிரும்.

அந்த மாசி மாசம் ஊத்து நூலா ஒழுகிச்சு. மூக்கனுக்கோ வர்ற கிழமை மக கல்யாணம். பொகவந்தலாவையில இருந்து சம்பந்தி ஜனம் ரெண்டு லொறியில வருது. கை கழுவத் தண்ணி இல்லேன்னா மானம் கப்பலேறிரும்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. துரை பங்களாவுக்கு ஆயிரம் எண்டு போட்டிருக்கிறன். ஏனெண்டால்..."

"துரைக்கே ஆயிரமாவது எடமா!" மூக்கனுக்கு வாயெல்லாம் பல்லு. "அப்படிப் போடுங்க சேர்!"

"அதில்லை அண்ணை, இந்த நம்பர்..."

"நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. எங்க தோட்டத்து மரியாதை ஒங்களுக்குப் புரியாது. திருவிழாவுல தேரு மொதல்ல யாரு லயத்துக்கு வருது? மாரியம்மனே எங்களைப் பாத்துட்டுத்தான் மத்தவங்களைப் பாக்கும். பேசாம ஒன்னைப் போடுங்க!"

கீழ பள்ளத்துல இருக்கிற பணிய லயத்துத் தலைவி பேச்சியம்மாவுக்கு அலுத்துப்போச்சு. பொழுதுக்கும் கொழுந்து எடுத்த களைப்பு வேற.

"அந்த ஒன்னை நீயே வச்சு மாலை போட்டுக்க. எங்களுக்கு நூறோ எரநூறோ, எதையாச்சும் போடுங்க சேர். நான் போயி ஒலை வைக்கணும்."

மூக்கன் அதோட விட்டாரா? நம்பரை மாத்தக் கூடாது, மெஷின் சொன்ன பங்கைத் தட்டக் கூடாதுன்னு தட்டுல சூடம் கொளுத்தி, ரெண்டு லயத்தையும் சத்தியம் பண்ண வச்சாரு. மொத ஆளா அவரே சூடத்தை ஓங்கி அடிச்சு அணைச்சாரு. சேர் எந்திரிச்சு என்னமோ சொல்ல வந்தாரு, பாவம். மேட்டு லயத்து ஆளுங்க அடிச்ச தப்பு மேளச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு?

சேர் பெருமூச்சு விட்டுட்டுப் பட்டனைத் தட்டினாரு. கணக்கு வந்துச்சு. துரை பங்களாவுக்கு முழுசா. பணிய லயத்துக்கும் முழுசா. மேட்டு லயத்துக்கு முட்டை.

மூக்கனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"சேர்... மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? நாங்கதானே ஒன்னாம் நம்பரு!"

கஜதீபன் சேர் லேப்டாப்பை மெதுவா மூடினாரு.

"இந்தப் பாஷையிலை பெரிய நம்பருக்குத்தான் அண்ணை முதல் தண்ணி."