எந்தத் தோட்டத்தில் இறக்கட்டும்?

கோபிப் பக்கம் இப்போதெல்லாம் ஆலங்கட்டி மழை கேட்டுக்கொண்டுதான் பெய்கிறது. அன்று மேகம் வாழைத் தோட்டங்களுக்கு மேலே வந்து நின்றதும் சென்னியப்பனின் அலைபேசி ஒலித்தது.

"உங்க தோட்டமா, பக்கத்துத் தோட்டமா? எதுல எறக்கட்டுங்க?"

யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும். பக்கத்துத் தோட்டம் சம்பந்தி லோகநாதனுடையது. சென்னியப்பன் அவரை வீட்டுக்கே அழைத்துவிட்டார்.

"எங்குளுதுலயே போடட்டுங்க சம்பந்தி."

"அதெப்படிங்க? பொண்ணு குடுத்தவன் நான் இருக்கறப்ப நீங்க வாங்கறதாவது?"

"உங்க தாரெல்லாம் வெட்டற பக்குவமுங்க."

"உங்குளுது மட்டும் பிஞ்சுங்களா?"

நிறுத்தி வைக்க வைக்க மேகத்துக்குள் கட்டி பெருத்தது. தேங்காய் அளவாகிவிட்டது என்று அலைபேசி சொன்னது. இருவரும் காபி குடித்தார்கள்.

யாழினி ஒருவருக்கு மகள், மற்றவருக்கு மருமகள். யார் வாழை சாய்ந்தாலும் காலமெல்லாம் குத்துப்பேச்சு அவளுக்குத்தான். அவள் அலைபேசியைப் பிடுங்கினாள்.

"இந்த ஊட்டு மேலயே போடுங்க."

ஓடு முழுவதும் நொறுங்கியது. இரண்டு தோட்டத்திலும் ஓர் இலைகூடக் கிழியவில்லை. சம்பந்திகள் ஒரே கட்டிலுக்கடியில் கிடந்தார்கள். யாழினி நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போது கிரைண்டருக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"வந்து வருசந் திரும்பல, எங்கூட்டு ஓட்ட ஒண்ணு உடாம ஒடச்சுட்டா. எம் பேரன் பேத்திக்கெல்லாம் சொல்லாம உடுவனா?"