கிளிஃபுக்கு ஒரு சிவப்பு உறை

"ஐயோ, அந்த நாற்காலியில யாரையும் உட்கார விடாதீங்க ஹவர்ட்! அது என் தம்பிக்கு!"

திரைக்குப் பின்னாலிருந்து லோரெய்ன் போட்ட சத்தத்தில் ஹவர்ட் லம் திடுக்கிட்டுத் திரும்பினார். நிஜத்தில் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் பல் டாக்டர். நாடகத்தில் லோரெய்னின் கொள்ளுத்தாத்தா. சீனாவிலிருந்து தங்கம் தோண்டக் கப்பலேறி வந்து, இரண்டாவது காட்சியிலேயே சுரங்கம் சரிந்து செத்துப்போகிற வேஷம்.

"உட்கார ஆள் வந்தாத்தானே, தாயே? ஹால்ல பாதி காலி. நான் செத்துக் கிடக்கறதைப் பார்க்க என் பொண்டாட்டியே வரல!"

லோரெய்னுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் குடும்பத்தின் நாலு தலைமுறைக் கதையை அவள் எழுதியது ஊருக்காகவா? அப்பா ஆல்பர்ட் குவாங்குக்காக. தம்பி கிளிஃபுக்காக.

அம்மாவின் சாவுக்குக் கிளிஃப் வரவில்லை. எங்கோ குடித்துவிட்டுக் கிடந்தான். "இனிமே என் வாசலை மிதிக்காதே" என்றார் அப்பா. ரோஷக்காரன், மிதிக்கவேயில்லை. வடக்கே டார்வின் துறைமுகத்துக்குப் போய் இறால் படகில் சேர்ந்துவிட்டான். எட்டு வருஷமாக, இவர் பேரை எடுத்தால் அவன் போனை வைப்பான். அவன் பேரை எடுத்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நடுவில் கிடந்து வெந்தது அவள்தான்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஓடிப்போன மகன் திரும்பி வருவான். அப்பன் ஒரு வார்த்தை பேசாமல் அவன் முன்னால் சோற்றுக் கிண்ணத்தை வைப்பான். அதை அப்பாவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு.

"கண்டிப்பா வர்றேன்க்கா" என்று போன மாதம் சொன்னவன், ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை. கடலுக்குள்ளே சிக்னல் இருக்காது என்று தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள்.

"வருவானா?" என்றார் ஹவர்ட்.

"வரணும். இதுக்கு மேல என்னால முடியாது ஹவர்ட். நானும் மனுஷிதானே."

ஒரே ஆறுதல், அப்பா இறங்கி வந்திருந்தார். "வீட்டுக் குப்பையை ஊர் முன்னால கொட்டப் போறியா?" என்று ஆறு மாதமாக எரிந்து விழுந்த மனுஷன், இந்தப் புதன்கிழமை தானாகவே ஒத்திகைக்கு வந்து நின்றார். கையில் சட்டம் போட்ட கிளிஃபின் போட்டோ.

"மேடையில மூதாதையர் மாடம் வெச்சிருக்கியே, அங்க இதை வை. உன் கொள்ளுத்தாத்தா படம் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. இவனுக்கு அவர் ஜாடைதான்னு எங்கப்பா சொல்வாரு."

"என்னப்பா இது! உயிரோட இருக்கறவன் படத்தை அங்க வெக்கலாமா? வேற யாராவது வெச்சா நீங்கதானே முதல்ல திட்டுவீங்க!"

அப்பா சட்டைக் கையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, நாடகம்தானே. முடிஞ்சதும் ஹவர்டுக்குக் கொடுக்கற மாதிரி அவனுக்கும் ஒரு சிவப்பு உறை கொடுத்துடுங்க" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மேடையில் பிணமாகப் படுத்தவனுக்கும், மாடத்தில் படமாக நின்றவனுக்கும் வீட்டுப் பெரியவர் சிவப்பு உறையில் காசு வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காசில் இனிப்பு வாங்கித் தின்றால் பிடித்த பீடை விட்டுப் போகும். அது அவர்கள் வழக்கம்.

மகன் படத்தை அப்பா தொட்டதே பெரிய விஷயம் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

இன்று மணி அடிக்கப் போகிற நேரத்தில் மேடையில் புகை வாசம். ஓடினாள்.

"அப்பா! ஹாலுக்குள்ள நெருப்பே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதான் பேட்டரி ஊதுபத்தி வெச்சிருக்கேனே, அது போதாதா?"

"போதாது" என்றார் அப்பா. நிஜ ஊதுபத்தியை மாடத்தில் செருகி, படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்து எழுந்தார். வயசானவர், என்னத்தைச் சொல்ல என்று விட்டுவிட்டாள்.

திரை விலகியது. ஹவர்ட் செத்தார். செத்த கொஞ்ச நேரத்தில் குறட்டையும் விட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. கடைசிக் காட்சியில் சோற்றுக் கிண்ணம் வந்தபோது, மேடை ஓரத்தில் நின்ற அப்பாவின் தோள் குலுங்கியது. கல் கரைந்தே விட்டது. பார்க்க வேண்டியவன் மட்டும் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அப்பா ஹவர்டிடம் இரண்டு கையாலும் சிவப்பு உறையை நீட்டினார்.

"வழியில இனிப்பு வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

"பல் டாக்டருக்கே இனிப்பா!" என்று சிரித்துக்கொண்டே போனார் ஹவர்ட்.

அப்பாவின் கையில் வேறு உறை இல்லை.

"கிளிஃபுக்கு எங்கப்பா? கொடுங்க, நான் தபால்ல அனுப்பிடறேன்."

"அவனுக்கு வேணாம்மா."

எட்டு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "இன்னுமா உங்க கோபம் தீரல? பெத்த பிள்ளையோட படத்தைச் செத்தவங்க இடத்துல கொண்டுவந்து வெச்சீங்க. பீடை கழிக்க ஒரு உறை கொடுக்கக் கை வரலையா? நீங்கல்லாம் ஒரு அப்பாவா?"

அப்பா மாடத்திலிருந்து படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை டார்வின்லேருந்து போன் வந்துது. உன் நாடகம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார். "சிவப்பு உறை உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா."