ஐந்தாவது தொட்டி

அமெரிக்காவில், சன்னிவேல் நகரத்து வீட்டில் ஐந்து மீன்தொட்டிகளைக் குழாய்களால் இணைத்து, ஒரே ஃபில்டரில் தண்ணீர் சுற்றும்படி டிசைன் செய்திருந்தான் இளங்கோ. ஐந்தாவது தொட்டியில் மட்டும் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன.

“டிசைன் பெர்ஃபெக்ட். மீன்தான் வீக்,” என்பான்.

அன்று ஆபீஸிலிருந்து வந்தவன் அலறினான். “தண்ணியெல்லாம் மஞ்சளா இருக்கு! யார் வேலை இது?”

“நான்தான்டா. மீனுக்கு நல்லதாச்சேன்னு கொஞ்சம் மஞ்சப்பொடி போட்டேன்,” என்றார் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா புஷ்பவல்லி.

“ஐயோ அம்மா...” என்றவன் நின்றான். ஐந்தாவது தொட்டி மட்டும் தெளிவாக இருந்தது.

“இதுக்குத் தண்ணியே வரலை! பைப்ல அடைப்பு. கண்டுபிடிச்சுட்டேன்!” ஸ்பேனர் எடுக்க கராஜுக்கு ஓடினான்.

புஷ்பவல்லி மருமகள் பக்கம் திரும்பினார். “போட்டது நீ. பழி மட்டும் எனக்கா, கோமதி?”

“அஞ்சாவதுக்குத் தண்ணி போகலைன்னு ஆறு மாசமா நான் சொல்றேன், கேட்டாரா அத்தை? இப்ப பாருங்க, அவரே கண்டுபிடிச்சுட்டார்!”