இரண்டாவது மாத்திரை

"மிளகு சைஸ்ல ஒரு மாத்திரையைக் கொடுத்துட்டு அஞ்சு மணி நேரமா கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இது ஆஸ்பத்திரியா, ரயில்வே ஸ்டேஷனா?"

கேட்டவள் மாவு மில்காரம்மா. ஓடுகிற மெஷினுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். மூன்றாம் மாடியில் மயக்க மருந்தில் கிடந்த ஒருவர், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து உட்கார்ந்ததாகப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் அசையவில்லை.

"ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுதான். கர்ப்பப்பை வாய் மெதுவா இளகணும், அதுக்குத்தான் இந்த மாத்திரை. சுவிட்சைப் போட்டதும் மாவு கொட்டுற கதையில்லை."

"நாள் தாண்டி பத்து நாளாச்சு. பனிக்குடத் தண்ணி குறையுதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. உள்ளே துடிக்கிறது என் வீட்டுப் பொண்ணு! அடுத்த மாத்திரையை இப்பவே கொடுத்தா உங்க வீட்டுக் கூரையா இடிஞ்சு விழும்?"

"விழும்," என்றாள் நர்ஸ், அட்டையில் எதையோ குறித்தபடி.

மில்காரம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. காலையிலிருந்து அந்தப் பெண்ணின் இடுப்பைத் தேய்த்துத் தேய்த்து அவளுக்குக் கையே விட்டுப் போயிருந்தது. இந்த நர்ஸோ அரை மணிக்கு ஒரு தரம் வருவாள், வயிற்றில் கை வைத்து வாட்சைப் பார்ப்பாள், குழந்தையின் துடிப்பைக் கேட்பாள், இனிப்பாக ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். மழை பெய்தால் கல்லில்கூட ஈரம் ஏறும்.

"ரெண்டு மணிக்கே உங்க டூட்டி முடிஞ்சுதாமே? வீட்டுக்குப் போங்க. நெஞ்சுல ஈரம் இருக்கிறவங்க யாராவது வந்து பாக்கட்டும்."

"இன்னிக்குப் போறதா இல்லை."

"வீம்பைப் பாரு!"

ஆறு மணி நேரம் முடிந்ததும் நர்ஸ் உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தாள்.

"ரெண்டாவது மாத்திரை கிடையாது."

மில்காரம்மா மேஜையில் ஓங்கி அறைந்தாள். ஸ்டேப்ளர் எகிறிக் குப்பைக் கூடைக்குள் போய் விழுந்தது. "ஆறு மணி நேரந்தான் ஆயிடுச்சே! இன்னும் என்ன நல்ல நேரம் பாக்கணும்?"

"பத்து நிமிஷத்துல நாலு வலி வருது. உடம்பு தானா ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு மேல மருந்து கொடுத்தா வலி இடைவெளியே விடாம இறுக்கும், குழந்தைக்கு மூச்சு முட்டும். நீங்க கேட்டப்பவே கொடுத்திருந்தா..."

நர்ஸ் பேனாவை மூடாமலே பையில் செருகினாள்.

மில்காரம்மா குனிந்து, குப்பைக் கூடையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

உள்ளேயிருந்து, "அம்மா!" என்று ஓர் அலறல்.

நர்ஸ் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதைப் பார்த்ததும் மில்காரம்மாவுக்குக் கோபம் மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. அட்டையைப் பிடுங்கி மேஜை மேல் வீசினாள்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா 'அத்தே'ன்னுல்ல கத்தியிருப்பா? நர்ஸா நின்னது போதும், ஓடுங்க சம்பந்தி!"