தண்டுக்கொரு தகடு

மழைக்காட்டின் அடிநிழலில் ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டுகளாக வளர்ந்திருந்தது ஒரு சின்னப் பனை. நெட்டைத் தண்டின் இலைகள் சீப்பு மாதிரி கீறுகீறாகப் பிரிந்திருந்தன. குட்டைத் தண்டின் இலைகள் கீறல் இல்லாமல் முழுசாக இருந்தன. இலையைப் பார்த்து இனம் பிரிக்க வந்த ஒருவர், இரண்டும் வேறு வேறு இனம் என்று சொல்லி, தண்டுக்கொரு பெயர்த்தகடு கட்டிவிட்டுப் போனார்.

அன்றோடு வேருக்கு நிம்மதி போயிற்று.

"அந்தக் கிழிசலுக்குப் போற தண்ணி எனக்கு வேண்டாம். எனக்குத் தனியா அனுப்பு," என்றது குட்டை.

"நான் இருக்கிறதே ஒண்ணுதான். இதுல எதைப் பிரிச்சு யாருக்கு அனுப்புறது?" என்று சலித்துக்கொண்டது வேர். "அவனும் உன் வயசுல முழுசாத்தான் இருந்தான். எத்தனை தடவை சொல்றது?"

"தகட்டுல அப்படிப் போடலையே."

மழை ஓய்ந்த ஒரு காலையில் குட்டையின் புதுக் குருத்து விரிந்தது. அதன் ஓரத்திலிருந்து நரம்புவரை நேராக ஒரு கீறல்.

"இப்ப என்ன சொல்ற?" என்றது வேர்.

குட்டை, பக்கத்து இலையை மேய்ந்துகொண்டிருந்த கம்பளிப்பூச்சியைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது.

"அண்ணே, யாராவது கேட்டா இது நீங்க கடிச்சதுன்னு சொல்லிடுங்க."